களிம்பு

ரப்பருக்கும் பித்தளைக்கும் ஆகாது. ரப்பர் ஆலைகளில் இது பழைய பாடம். மரத்திலிருந்து வடித்த பாலில் பத்து இலட்சத்தில் சில பங்கு செம்பு கலந்தாலே போதும். அந்தப் பாலில் செய்த ஷீட் நாளடைவில் பிசுபிசுத்து உருக்குலைந்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைத் தின்பதைச் செம்பு வேகப்படுத்துகிறது. அதனால் பால் படுகிற இடத்தில் செம்பும் பித்தளையும் இருக்கக்கூடாது என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

பகை ஒருபக்கமாக மட்டும் இல்லை. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த முறைப்படி, ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அப்படிச் செய்த ரப்பர் துண்டு ஒன்றை வெள்ளி அல்லது பித்தளைப் பொருளோடு ஒரே பெட்டியில் மூடிவைத்துப் பாருங்கள். சில மாதங்களில் உலோகம் கறுத்திருக்கும்.

கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தோட்டங்களில் தமிழர்கள் நூறாண்டுக்கு மேல் இந்த இரண்டோடும் வாழ்ந்தார்கள். விடியற்காலையில் கித்தா மரம். மாலையானால் சாமி மேடையில், கோயில் மண்டபத்தில், கூத்துக் கொட்டகையில் பித்தளை. கித்தாவின் வரலாறு ஓரளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. கங்காணி முறை, லயத்து வீடுகள், கள்ளுக்கடை, சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல் என்று நம் நாவல்களிலும் ஆய்வுகளிலும் அது இருக்கிறது. பித்தளையின் வரலாறு அநேகமாக எழுதப்படவில்லை. அதுவும் ஒலி எழுப்புகிற பித்தளையின் வரலாறு.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு கிதாரால்தான். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் நண்பர் ஒருவர் ப்ளூஸ் வாசிப்பவர். 1930களில் செய்த உலோக உடல் கிதார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். "இங்க இருக்கிற ஈரத்துல இத எப்படிங்க துரு ஏறாம வச்சுக்கிறது?" என்று கேட்டார். தேடிப் படித்துச் சொல்கிறேன் என்றேன். படிக்கப் படிக்க அந்தக் கேள்வி கிதாரை விட்டு நகர்ந்து, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துக் கோயில்களில் நான் பார்த்திருந்த உடுக்கைகளிடம் போய் நின்றது. இரண்டுக்கும் நோய் ஒன்றே. மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம், ஒன்றுக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

ஜெர்மன் சில்வர் கிதார்

முதலில் கிதாரின் கதை. 1920களில் அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பித்துப் பிடித்திருந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சி அதற்குப் பெரிய வாசல். கிதாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் அந்நியமாக இருக்காது. பிரச்சினை ஒலியின் அளவில் இருந்தது. மேடையில் ஊதுகுழல்களும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் மரக் கிதார் யாருக்கும் கேட்காது. மின்சாரக் கிதார் இன்னும் வரவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் பீச்சம்ப் என்ற கலைஞரும், ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்பியேரா என்ற வாத்தியக் கைவினைஞரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உலோகத்தில் உடல். அதற்குள் ஒலிபெருக்கியின் கூம்பைப் போல மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று. தந்தியின் அதிர்வு பாலத்தின் வழியாகக் கூம்புகளுக்குப் போய் அங்கே பெருகும். 1927இல் நேஷனல் நிறுவனத்தின் பெயரில் இது விற்பனைக்கு வந்தது. பிறகு ஒற்றைக் கூம்பு வைத்த மலிவு வகைகள் வந்தன. சில எஃகு உடல்கள். சில நிக்கல் முலாம் பூசிய பித்தளை உடல்கள். விலை கூடிய மூன்று கூம்பு வகையின் உடல் ஜெர்மன் சில்வர். நம் வீட்டுக் கல்யாணங்களில் வரிசைத் தட்டாகவும் குங்குமச் சிமிழாகவும் வருகிறதே, அதே உலோகம்தான். பெயரில் மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

இந்தக் கிதார்களின் காலம் குறுகியது. இதே பீச்சம்ப் 1930களின் தொடக்கத்தில் மின்சாரக் கிதாரை உருவாக்குவதிலும் முன்னின்றார். சத்தத்துக்காகப் பிறந்த உலோக உடலுக்கு அதன் பிறகு வேலை இல்லாமல் போயிற்று. 1940களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், உற்பத்தி நின்றது. இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் செய்த கருவிகளைத்தான்.

ஆசியாவுக்கு இந்த இசை கப்பலேறி வந்தது. தாவ் மோ என்ற சமோவா வம்சாவளிக் கலைஞரும் அவர் குடும்பமும் 1920களின் இறுதியிலிருந்து ஆசிய நகரங்களில் சுற்றி வாசித்தார்கள். போர் ஆண்டுகளில் கல்கத்தாவில் தங்கினார்கள். வங்காளத்தில் ஹவாய் கிதார் வேரூன்றி, பின்னாளில் இந்துஸ்தானி இசைக்குள்ளேயே புகுந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். மலாயாவில் பங்சாவான் நாடகங்களின் இடைவேளைக் காட்சிகளில் ஹவாய் மெட்டுகள் ஒலித்தன. கிதாரும் உக்குலேலேயும் நகரத்து இளைஞர்களின் கைக்கு வந்தன. ஆனால் தோட்டத்து லயங்களின் இசை வேறு பாதையில் வந்தது. அங்கே உலோக உடல் என்பது அமெரிக்காவில் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கவில்லை.

தோட்டத்துப் பித்தளை

உடுக்கையின் உடல் பெரும்பாலும் பித்தளை. பம்பை என்பது இரட்டை முழவு. ஒன்று மரத்தில், மற்றது வெண்கலத்தில். அதற்கு வெண்கலப் பம்பை என்றே பெயர். உறுமி மரத்திலும் உண்டு, பித்தளையிலும் உண்டு. இவற்றோடு தாளம், சேகண்டி, கைமணி, கோயில் மணி. ஆர்மோனியத்தின் வெளிக்கூடு மரம்தான் என்றாலும் குரல் பித்தளை: உள்ளே வரிசையாக நிற்கும் பித்தளை நாக்குகள் அதிர்ந்துதான் சுரம் பிறக்கிறது. அந்த நாக்கின் நுனியில் கொஞ்சம் களிம்பு படிந்தாலும் சுரம் இறங்கிவிடும். வேரில் படிந்தால் நாக்கு ஒருநாள் முறிந்துவிடும்.

உலோக உடல் கிதாரைப் போலவே இவையும் கலப்புப் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிதாரில் பித்தளை உடல், அலுமினியக் கூம்பு, எஃகுத் தந்தி, மரக் கழுத்து. உடுக்கையில் பித்தளை உடல், தோல், வளையம், கயிறு. உலோகம் வறண்ட காற்றைக் கேட்கும். மரமும் தோலும் அதிகம் வறண்டால் வெடிக்கும். ஒரே பொருளுக்குள் இரண்டு விதமான உடம்பு.

இவை இந்த வட்டாரத்துக்கு வந்த காலம் ரப்பர் பெருகிய காலம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கித்தா விலை ஏற ஏற, சிலாங்கூர் ஆற்றின் இரு கரைகளிலும் காடழித்துத் தோட்டங்கள் போட்டார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. ஆள்களோடு அவர்களுடைய சாமிகளும் வந்தன, சாமியை அழைக்கிற கருவிகளும் வந்தன. தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன், ஒரு முனியாண்டி, ஆண்டுக்கொரு திருவிழா. உடுக்கை அடிக்காமல் கரகம் இறங்காது.

இதே வட்டாரத்தில்தான் 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்துத் துரை பாரிஸின் இலக்கியப் பரிசு வரைக்கும் போனார். அவருடைய காலத்தில் அந்தத் தோட்டங்களில் அடித்த உடுக்கைகள் எங்கே?

மூன்று காற்று

"நம்ம ஊரு ஈரத்துக்கு எந்தச் சாமானும் தாங்காது" என்று எல்லாரும் சொல்கிறோம். பாதி உண்மை. சிலாங்கூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. விடியற்காலையில் 95ஐத் தாண்டும். இரும்பு துருப்பிடிப்பது ஈரத்தோடு சீராக ஏறுவதில்லை. ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டியதும் திடீரென வேகமெடுக்கும். அந்த வரம்புக்கு மேலேதான் நாம் வருடம் முழுக்க வாழ்கிறோம்.

ஆனால் ஈரம் மட்டும் தனியாக அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஈரத்தோடு காற்றில் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். வட சிலாங்கூரில் மூன்று விதமான காற்று வீசுகிறது.

முதலாவது கடற்காற்று. ஜெராமிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணாம் வரை கடலோரம். காற்றிலுள்ள உப்பு உலோகத்தின் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு, நிக்கல் முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால்கூட உள்ளே இறங்கிவிடும். முலாம் பார்வைக்குப் பளபளவென்று இருக்க, அடியில் எஃகு துருவேறிக் கொப்பளிக்கும். அலுமினியக் கூம்பில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். செம்பு கலந்த உலோகத்தில் குளோரைடு குடியேறினால் வெளிர் பச்சைப் பொடி உதிரத் தொடங்கும். தொல்பொருள் துறையினர் இதை வெண்கல நோய் என்கிறார்கள். பொடியைத் துடைத்தாலும் நிற்காது. குளோரைடும் ஈரமும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் புதிய உலோகத்தைத் தின்ன, சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சதுப்பின் காற்று. கழிமுகத்துக் கண்டல் காட்டுச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைப்பது அதுதான். செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களிலிருந்தும் அது கிளம்பும். கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சேறு அழகு. பித்தளைக்கு அது எதிரி.

மூன்றாவது தோட்டத்துக் காற்று. நம் வரலாறு இதில்தான் கலந்திருக்கிறது. பால் சீக்கிரம் உறையாமல் இருக்க அமோனியா விட்டார்கள். ஆலையில் உறைய வைக்க அசிட்டிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ ஊற்றினார்கள். ஷீட்டைப் புகைக்கொட்டகையில் விறகுப் புகையில் உலர்த்தினார்கள். விறகுப் புகையிலும் அசிட்டிக் அமிலம் உண்டு. பால்வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்த உடையில் அந்த வாசம் இருக்கும். லயத்தின் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்தால், கோமியத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அமோனியா.

அமோனியாவும் பித்தளையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலோகவியல் பாடநூல்களில் ஓர் இந்தியக் கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. மழைப் பருவத்தில் நடந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கியிருந்தார்கள். காரணம் மழையல்ல, குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா என்பது 1920களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. தட்டியோ அழுத்தியோ வடிவமைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அமோனியாவும் ஈரமும் சேர்ந்து அந்த இறுக்கத்தின் வழியே பித்தளையைப் பிளக்கும். உடுக்கையின் ஒடுங்கிய இடுப்பும் தட்டி உருவானதுதான்.

துலக்குவதும் காப்பதும்

பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரையும் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கோயிலில் பெரியவர் ஒருவர் உடுக்கையை எடுத்துக் காட்டினார். "மாசம் ஒருக்கா புளி போட்டுத் தேச்சிடுவோம் தம்பி. கடைசியில தேங்கா எண்ணெ ஒரு கை. பாருங்க, மொகம் தெரியும்" என்றார். முகம் தெரிந்தது. உடலில் ஒரு காலத்தில் செதுக்கியிருந்த எழுத்துகள் தெரியவில்லை. விரலால் தடவினால் ஏதோ இருந்தது என்று மட்டும் தெரிந்தது.

"எழுத்து தேஞ்சு போச்சுங்களே" என்றேன்.

"செம்புன்னா களிம்பு ஏறத்தான் செய்யும். தேக்காம விட முடியுமா?"

அவர் அறிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது சைவ சித்தாந்தத்தின் உவமை. உயிரோடு ஆணவ மலம் எப்படி இருக்கிறது என்று விளக்கச் சித்தாந்திகள் நெல்லையும் உமியையும் காட்டுவார்கள், செம்பையும் களிம்பையும் காட்டுவார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. ரசக்குளிகையின் அருள் பட்டால்தான் நீங்கும்.

தத்துவத்தில் அந்த உவமைக்கு என்ன மதிப்போ அது இருக்கட்டும். வேதியியலில் அது சரியல்ல. களிம்பு செம்போடு பிறப்பதில்லை. உப்பு, அமிலம், கந்தகம், அமோனியா, வியர்வை, இவற்றில் ஒன்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஒவ்வொரு களிம்புக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு தேதி உண்டு. "ஏறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டால் காரணத்தைத் தேட மாட்டோம். தோட்டங்கள் கலைந்ததைப் பற்றியும் நாம் இதே குரலில்தான் பேசுகிறோம். "காலம் மாறிப்போச்சு, தோட்டம் போச்சு, அதோட எல்லாம் போச்சு." காலம் ஒன்றும் செய்வதில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு கை தேவையில்லை. பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனது. ஒவ்வொன்றும் யாரோ எடுத்த முடிவு.

புளிக்கு வருவோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. களிம்பு என்பது ஒரு காலத்தில் உலோகமாக இருந்ததுதான். ஆக ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உடுக்கை தண்ணீரோடு போகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் அது அரம். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்துச் சரியாகக் கழுவாமல் விட்டால், வெண்கல நோய்க்கு நாமே விதை போட்டதாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஒரு வாரம் மினுக்கும். நாளான எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாக மாறும். உடுக்கையின் விளிம்பில் தோல் உட்காரும் இடத்தில் பச்சைக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலிலுள்ள கொழுப்பும் ஈரமும் செய்த வேலை அது. கடையில் விற்கும் மெருகுத் திரவங்கள் பலவற்றில் அமோனியா உண்டு. குதிரை லாயத்தைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

கிதார்க்காரர்களும் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். நிக்கல் முலாமைத் தேய்த்துத் தேய்த்துப் பித்தளை வெளியே தெரிந்த பழைய நேஷனல் கிதார்கள் நிறைய உண்டு. இன்று அவற்றின் சேகரிப்பாளர்கள் முதலில் சொல்வது, "தேய்க்காதே."

அருங்காட்சியகங்களும் மெல்லத்தான் இந்த இடத்துக்கு வந்தன. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இந்தியாவில் இத்தகைய கூடங்களுக்கு அதுவே முன்னோடி. எஸ். பரமசிவன் அதை நடத்தினார். மண்ணுக்கடியிலிருந்து வந்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் களிம்பு தின்றுகொண்டிருந்தது. மின்பகுப்பு முறையில் அதை நீக்கினார்கள். பல சிலைகள் பிழைத்தன. பின்னாளில் உலகம் முழுக்கவே இந்தத் துறையில் எண்ணம் மாறிற்று. எல்லாக் களிம்பும் நோயல்ல. கரும்பழுப்பாக, இறுகலாகப் படிந்த மேற்பூச்சு உலோகத்தைக் காக்கவே செய்கிறது. பொருள் எங்கே எப்படி இருந்தது என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. உதிர்கிற பச்சையை மட்டும் நிறுத்து, நிற்கிற கறுப்பை விட்டுவிடு என்பது இன்றைய பாடம்.

ஒரு பெட்டி

நண்பருக்குச் சொன்னதைக் கோயிலுக்கும் பொருந்தும்படி இங்கே சொல்கிறேன். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால், காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புதான், விபூதியும் குங்குமமும் சந்தனமும் ஈரத்தைப் பிடித்து வைப்பவைதான். துடைத்த கையோடு பெட்டியில் பூட்டக்கூடாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு இருக்கட்டும். சிமென்டுத் தரை, மழை படும் சுவர், தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண், இந்த மூன்று இடமும் ஆகாது. பரண் பகலில் கொதிக்கும், இரவில் குளிரும். குளிரும்போது உலோகத்தின் மேல் பனி இறங்கும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தாலும் அதேதான் நடக்கும். குளிர்ந்த பித்தளை நம் வெளிக்காற்றைத் தொட்டதும் கண்ணாடி டம்ளரைப் போல வேர்க்கும். அதனால் பெட்டியை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

பழைய கிதார்ப் பெட்டியின் உள்துணியும் பசையும் மரமும் அமில ஆவியை விடக்கூடியவை. சிதையும் பஞ்சு மெத்தையும் அப்படித்தான். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அந்தத் தாளிலும் அமிலம் இருக்கிறது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ஏன் என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். நம் தாத்தாக்கள் வடித்த பால் நம் தாத்தாக்களின் உடுக்கையைக் கறுக்கச் செய்ய வேண்டாம்.

துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் உணவு வைக்கும் தரத்திலான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். கூடவே ஒரு சிறிய ஈரமானி. 45லிருந்து 55 விழுக்காடு வரை இருந்தால் உலோகமும் தோலும் மரமும் சண்டையில்லாமல் இருக்கும். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறினால் அடுப்பில் மெதுவாகச் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். படக்கருவிகளுக்காக இங்கே பலர் வாங்கி வைத்திருக்கும் மின்சார ஈரநீக்கி அலமாரி கிடைத்தால் இன்னும் நல்லது. வெளிர் பச்சைப் பொடி உதிர்கிற பொருளை மட்டும் தனியாகப் பிரித்து, தோலைக் கழற்றிவிட்டு, 40 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். மேல்பூச்சு வேண்டுமென்றால் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிசாகத் தடவலாம். எண்ணெய் வேண்டாம். உலோகக் கிதாரின் தந்திகளை முழுக்கத் தளர்த்திவிடவும் வேண்டாம்; தந்தியின் அழுத்தத்தில்தான் கூம்பு தன் இடத்தில் நிற்கிறது. அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கினால் போதும்.

இன்னொன்று: வாசிக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்து வாசிக்கிறவன் கண்ணில் முதல் பச்சைப் புள்ளி படும். பத்தாண்டு பூட்டிக்கிடந்த பெட்டியில் யார் கண்ணிலும் படாது.

எடைக்குப் போனவை

புக்கிட் மெலாவாத்தி மலைமேல் பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை வைத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து கேட்டுப் போகிறார்கள். அரசர்களின் உலோகத்துக்கும் படைகளின் உலோகத்துக்கும் மலை உச்சியில் இடம் இருக்கிறது. உலோகம் எப்போதும் தன் உடைமைக்காரரின் தகுதிக்கேற்பத்தான் காக்கப்படுகிறது.

தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் மலிவுவிலை அடுக்ககங்களுக்குப் போனபோது, இரண்டு அறைக்குள் எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. சாமி படம் போனது. தொலைக்காட்சி போனது. நாக்கு முறிந்த ஆர்மோனியமும் தோல் கிழிந்த பம்பையும் பழைய இரும்பு லாரியில் ஏறின. பித்தளைக்கு நல்ல எடை, நல்ல விலை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்குத் தேவை இருந்தது. ஆனால் உருக்கிய பித்தளையில் உடுக்கைக்கும் குழாய் முனைக்கும் வித்தியாசம் கிடையாது.

இன்று உறுமி மேளக் குழுக்களில் வாசிக்கும் இளைஞர்கள் பலர் தோட்டத்தையே பார்க்காதவர்கள். புதிய கருவிகளை வாங்குகிறார்கள், நன்றாகவும் வாசிக்கிறார்கள். அவர்களில் யாருடைய வீட்டுக் கட்டிலுக்கு அடியிலாவது, சித்தப்பா வீட்டுப் பரணிலாவது ஒரு பழைய உடுக்கை இருக்கக்கூடும். கறுத்துப்போய், பச்சை பூத்து, ஒலி செத்து இருக்கும். அதைப் புதுசு மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை முதலில் வரும். சமூக ஊடகங்களில் தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாம் போடுகிற பதிவுகளிலும் இதே ஆசைதான் வேலை செய்கிறது. பச்சை மரங்கள், பனிக்காலை, திருவிழா, ஒற்றுமை. புளி போட்டுத் தேய்த்த நினைவு அது. முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

ஒரு பழைய நேஷனல் கிதாரின் தலைப்பகுதியைப் பார்த்தால் வரிசை எண் பொறித்திருக்கும். அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று சொல்லிவிடுவார்கள். நம் உடுக்கைகளில் எண் கிடையாது. எந்தத் தோட்டம், எந்தக் கோயில், யார் அடித்தது, எந்த ஆண்டில் அங்கிருந்து கிளம்பியது என்பதெல்லாம் அதை வைத்திருக்கிறவரின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. பெட்டியில் வைப்பதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து கேட்டு, ஒரு பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டிவிடுங்கள். பசை வேண்டாம், பசையிலும் அமிலம் இருக்கும். பென்சில் எழுத்து மங்காது. ஊரின் பெயரைப் பழைய பெயரிலும் எழுதுங்கள்.